மேய்ச்சல் மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் வராதா?

கேள்வி இதுதான்: "என் மாமா சிவகங்கைப் பக்கம் கிடை மாடு வைத்திருக்கிறார். நூற்றுச் சொச்சம் உருப்படி. கன்று வீச்சு நோய்க்குத் தடுப்பூசி போட வந்தவர்களிடம், 'கட்டிப்போட்டு வளர்க்கிற பண்ணை மாட்டுக்குத்தான் அந்த நோய், காற்றாட மேய்கிற மாட்டுக்கு வராது' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொல்வது சரியா? மேய்ச்சல் மாடுகளில் இந்த நோய் எவ்வளவு இருக்கிறது, ஏன் வருகிறது?"

மாமா சொல்வதில் கால்வாசி சரி. நம் நாட்டில் நூறு மாட்டை ஒரே கொட்டகையில் அடைத்து வளர்க்கும் பால்பண்ணைகளில் இந்த நோய், வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் சம்சாரிகளிடம் இருப்பதைவிட அதிகமாகத்தான் தென்பட்டிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு, கட்டிப்போடுவதால்தான் வருகிறது என்று அவர் முடிவு கட்டியிருப்பார். ஆனால் அவருடைய கிடையைக் கொல்லையில் நிற்கிற ஒற்றை மாட்டோடு சேர்த்து எண்ணக் கூடாது, பண்ணையோடுதான் சேர்த்து எண்ண வேண்டும். மாடு மேய்கிறதா, கட்டிக்கிடக்கிறதா என்பது இந்தக் கிருமிக்குப் பெரிய விஷயமே இல்லை. ஒரு மாடு கன்று போடும்போது பக்கத்தில் எத்தனை மாடு நிற்கிறது, அந்த மாடு எங்கிருந்து வந்தது, இந்த இரண்டும்தான் விஷயம். கிடையில் பக்கத்தில் நிற்பது நூறு.

மாடு மாதம் நிறையாமல் கன்றைப் போட்டுவிடுவதைத்தான் வீசுவது என்கிறோம். கால்நடைத் துறை நோட்டீஸில் கன்று வீச்சு நோய் என்று போடுவது புருசெல்லோசிஸைத்தான். மாட்டில் இதை உண்டாக்குவது புருசெல்லா அபார்ட்டஸ் என்ற பாக்டீரியா. 1897-ல் டென்மார்க்கில் பெர்னார்ட் பாங் இதைக் கண்டுபிடித்து அறிவித்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1887-ல், மால்டா தீவில் காய்ச்சலில் செத்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து டேவிட் புரூஸ் பிரித்தெடுத்த கிருமி இதன் பங்காளி, ஆட்டில் இருப்பது. இரண்டும் ஒரே குடும்பம் என்று 1918-ல் ஆலிஸ் எவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி எழுதியபோது பலர் நம்பவில்லை. அப்புறம் அந்தக் கிருமி அவரையே தொற்றி, வருஷக்கணக்கில் படுத்தியது.

சரி, எவ்வளவு இருக்கிறது? இதற்கு ஒற்றை எண் சொல்கிறவரை நம்ப வேண்டாம். இந்தியாவில் 23 மாநிலங்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து 1998-ல் வெளியான கணக்கில் பசுக்களில் 1.9 சதவீதம், எருமைகளில் 1.8 சதவீதம் என்று வந்தது. 2002-ல் வெளியான ஒரு தொகுப்புக் கட்டுரை, நீண்டகால ஆய்வுகளை வைத்துப் பசுக்களில் 5 சதவீதம், எருமைகளில் 3 சதவீதம் என்றது. கன்று வீசிய பண்ணையாகப் பார்த்துப் போய் மாதிரி எடுத்தால் எண் சுலபமாக இரட்டை இலக்கத்துக்குப் போய்விடும். மூன்றும் பொய்யில்லை. எங்கே போய் எடுத்தார்கள், எந்தச் சோதனை செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது, அவ்வளவுதான்.

மேய்ச்சல் மாடுகளைப் பற்றி நல்ல கணக்கு வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மேய்ச்சல்தான் பெரும் தொழில், ஆய்வுகளும் நிறைய. எத்தியோப்பியாவின் தெற்கிலும் கிழக்கிலும் நாட்டுப்புற முறையில் வளர்க்கப்படும் மாடுகளில் 1,600-க்கு மேற்பட்ட மாதிரிகள் எடுத்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தலைக்கணக்குப் பார்த்தால் 3.5 சதவீத மாடுகளில்தான் நோயின் அடையாளம். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். மந்தைக் கணக்குப் பாருங்கள்: 26.1 சதவீத மந்தைகளில் ஒரு மாட்டுக்காவது இருந்தது. அதாவது நாலு மந்தைக்கு ஒன்று. ஊர்க் கணக்கில் இன்னும் விசித்திரம். சில ஊரில் பூஜ்யம், சில ஊரில் நூற்றுக்கு நூறு. வறண்ட தாழ்நிலப் பகுதியிலும், மந்தை பெரிதாக இருந்த இடத்திலும், மாட்டோடு வேறு கால்நடைகளைச் சேர்த்து வைத்திருந்த இடத்திலும் நோய் கூடுதல் என்று அந்த ஆய்வு சொன்னது.

உங்கள் மாமாவுக்கு நான் காட்ட விரும்புவது இந்தப் பூஜ்யத்தையும் நூறையும்தான். சராசரி 3.5 என்றால் எல்லாக் கிடையிலும் நூற்றுக்கு மூன்று நாலு மாடு என்று அர்த்தமில்லை. பெரும்பாலான கிடையில் ஒன்றுமே இருக்காது. புகுந்த கிடையில் மட்டும் புகுந்து விளையாடும். இது அங்கங்கே குவிந்து கிடக்கிற நோய், பரவலாகத் தூவிக் கிடக்கிற நோய் அல்ல. 'நம்ம கிடையில் இல்லை' என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இல்லாததற்குக் காரணம் மேய்ச்சல் அல்ல, இதுவரை யாரும் உள்ளே கொண்டுவரவில்லை என்பதே.

புகுந்து விளையாடினால் எப்படி இருக்கும் என்பதற்கு வடக்கு நைஜீரியாவைப் பார்க்கலாம். அங்கே 271 மந்தைகளைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். முக்கால்வாசிக்கு மேற்பட்ட மந்தைகளில் நோய் இருந்தது. இடம்விட்டு இடம் போய் மேய்ப்பவர்களின் மாடுகளில் சுமார் 45 சதவீதம். வணிகப் பண்ணைகளில் சுமார் 16. நம் ஊர்ப் படத்தை அப்படியே தலைகீழாகப் போட்டதுபோல் இருக்கிறதல்லவா? இங்கே பண்ணையில் அதிகம், அங்கே மேய்ச்சலில் அதிகம். இரண்டையும் ஒரே விதி விளக்க வேண்டும். மேய்ச்சல், கொட்டில் என்று பிரிக்கிற விதி விளக்காது. கன்று போடும் இடத்துக் கூட்டமும் மாடு கைமாறும் வழியும் விளக்கும்.

கூட்டத்தைப் பற்றி முதலில். இந்தக் கிருமி சினையில்லாத மாட்டின் உடம்பில் நிணநீர்க் கட்டிகளில் சத்தமில்லாமல் பதுங்கிக் கிடக்கும். மாடு சினையாகி மாதம் முற்ற முற்ற, கருப்பையில் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருள் சேர்கிறது. அது இந்தக் கிருமிக்கு விருந்து. கருப்பையில் குடியேறிப் பெருகி, நஞ்சுக்கொடியைப் புண்ணாக்கி, ஐந்து மாதத்துக்கு மேல், பெரும்பாலும் ஏழாம் மாதத்தையொட்டி, கன்றை வீச வைக்கிறது. வீசிய கன்றிலும் அதோடு வரும் நீரிலும் கொடியிலும் கோடிக்கணக்கில் கிருமி. வருஷம் முழுக்க ஒன்றும் செய்யாத மாடு, அந்த ஒரு ராத்திரியிலும் அடுத்த சில வாரங்களிலும் மட்டும் தன் சுற்றத்தையே நனைத்துவிடுகிறது.

இப்போது மாட்டின் குணத்தை யோசியுங்கள். மந்தையில் ஒரு மாடு கன்று போட்டால் மற்ற மாடுகள் வந்து முகர்ந்து பார்க்கும், நக்கும். செத்துப் பிறந்ததாக இருந்தால் இன்னும் அதிகமாக வந்து மொய்க்கும். கிருமி வாய் வழியாகப் போவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. வீட்டுக்கொல்லையில் தனியாகக் கட்டியிருக்கும் மாடு வீசினால் கதை அந்த முளைக்குச்சியோடு முடிந்துவிடும். பண்ணைக் கொட்டகையில் வரிசையில் நிற்கிற இருபது மாட்டுக்குப் போகும், தரை ஈரத்தில் கொஞ்ச நாள் தங்கும். கிடையில்? பகலெல்லாம் காடு மேடென்று பரந்து மேய்கிறது, உண்மைதான். ராத்திரி? உரத்துக்காக யாரோ ஒருவர் வயலில் கிடை அமர்த்தியிருக்கிறீர்கள். சாணமும் கோமியமும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காகவே நெருக்கி அடைக்கிறீர்கள். கன்று வீசுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில், அந்த நெருக்கத்தில்.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது அமெரிக்காவின் எல்க் மான் கதை. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் பைசன் என்ற காட்டெருமைகளிடம் இந்த நோய் 1917-லேயே கண்டறியப்பட்டது. நாட்டு மாடுகளிடமிருந்துதான் அவற்றுக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே வளர்ந்த பெண் காட்டெருமைகளில் பாதிக்கு மேல் சோதனையில் அடையாளம் காட்டுகிறது. கொட்டில் கிடையாது, பண்ணை கிடையாது, காற்றுக்குப் பஞ்சமே இல்லை. அது போகட்டும். எல்க் மான்களுக்கு வயோமிங் மாநிலத்தில் பனிக்காலத்தில் குறிப்பிட்ட இடங்களில் வைக்கோல் போடுகிற வழக்கம் நூறு வருஷமாக உண்டு. மான்கள் அங்கே ஆயிரக்கணக்கில் கூடும். கூடும் காலமும் அவை கன்று வீசும் காலமும் ஒன்றாக விழுகிறது. அந்தத் தீவன இடங்களுக்கு வரும் மான்களில் நாலில் ஒன்றுக்கு நோயின் அடையாளம். அதே மலை, அதே மான், தீவனத்துக்கு வராமல் சிதறி மேய்ந்தவற்றில் நீண்ட காலம் வரை 2, 3 சதவீதம்தான். பிற்பாடு சில இடங்களில் தீவனம் போடாமலேயே மான் கூட்டங்கள் பெரிதாகத் தொடங்கின. அங்கேயும் நோய் ஏறியது. சோதனைக்கூடத்தில் திட்டம் போட்டுச் செய்தாலும் இவ்வளவு தெளிவான விடை கிடைத்திருக்காது.

மாமா சொல்லும் 'காற்றாட' என்பதில் இருக்கும் கால்வாசி நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நேர் வெயிலில் இந்தக் கிருமி சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நிழலும் ஈரமும் குளிரும் இருந்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும். சித்திரை வெயிலில் சிவகங்கைப் பொட்டலில் விழுந்த கொடி பிற்பகலுக்குள் காய்ந்து கருவாடாகிவிடும். பண்ணைக் கொட்டகையின் ஈரத்தரையில் அப்படி ஆகாது. போதாததற்குக் கிடை சில நாளுக்கு ஒருமுறை வயல் மாறுகிறது. நனைந்த தரையை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இந்த இரண்டும் கிடைக்கு உண்மையான சாதகங்கள். ஆனால் கொடி காய்வதற்கு முன்பே, விடியற்காலையிலேயே, இருபது மாடு அதை நக்கி முடித்திருக்கும். வெயில் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வீசினால் வெயிலும் கிடையாது. இன்னொன்று, நாய். கிடை நாய் வீசிய கன்றை இழுத்துக்கொண்டு போய்க் கண்மாய்க் கரையில் போட்டுத் தின்னும். அடுத்த நாள் அந்தக் கரையில் வேறு கிடை தண்ணீர் குடிக்கும்.

அடுத்தது, யார் உள்ளே கொண்டுவருகிறார்கள் என்பது. நான் பார்த்தவரை, ஒரு மந்தைக்கு இந்த நோய் வந்த கதையை நோண்டினால் பத்துக்கு எட்டில் முடிவில் ஒரு மாடு வாங்கிய கதைதான் இருக்கும். கன்று வீசிய மாட்டை யாரும் வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. சந்தையில் தள்ளிவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், காய்ச்சல் கிடையாது, மெலிவு கிடையாது, பல் பார்த்தால் இளசு. விலையும் கொஞ்சம் இறங்கிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கெட்டிக்காரத்தனமாக வாங்கியதாக நினைத்துக்கொள்வார். அடுத்த சினையில் அது ஒழுங்காகக் கன்று போடவும் செய்யும், கூடவே கிருமியையும் கொட்டும். பால்பண்ணைகளில் நோய் கூடுதலாக இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்: கறவை குறைந்தால் விற்று, புதிதாக வாங்கி, விற்று, வாங்கி என்று மாடு ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் பக்கத்து நாட்டு மாட்டினமான புலிகுளம் மாட்டுக் கிடைகளுக்கு இந்த விஷயத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பசுக்களை வெளியிலிருந்து வாங்குவது அரிது. தாய், மகள், பேத்தி என்று கிடைக்குள்ளேயே வம்சம் ஓடும். காளைக் கன்றுகள் ஜல்லிக்கட்டுக்கும் உழவுக்கும் வெளியே போகுமே தவிர உள்ளே வருவது குறைவு. கதவு மூடிய கிடை என்றால் அதுதான் பெரிய தடுப்பு. ஆனால் மூடியிருக்கிறதா என்று மாமாவைக் கேளுங்கள். கூலிக்கு மேய்க்க அடுத்தவர் மாட்டைச் சேர்த்துக்கொள்கிறாரா? வலசை போகும்போது மச்சான் கிடையும் பங்காளி கிடையும் ஒன்றாகச் சேர்ந்து நடக்கிறதா? கோடையில் தண்ணீர் இருக்கிற ஒரே கண்மாயில் எத்தனை கிடை இறங்குகிறது? ஆட்டுக் கிடையும் பக்கத்திலேயே அமர்கிறதா? ஆட்டிலிருக்கும் பங்காளிக் கிருமியும் மாட்டுக்கு வரும், மனிதனுக்கு அது இன்னும் மோசம்.

வடக்கு நைஜீரியாவில் எண் அவ்வளவு ஏறியதற்கும் இப்படிப்பட்ட கதவுகள்தான் காரணம் என்பேன். ஃபுலானி மேய்ச்சல்காரர்களிடம் மாடு வெறும் சொத்தல்ல, உறவு. வேண்டியவருக்குக் கிடேரியைக் கடனாகக் கொடுத்து, அது சில ஈற்று போட்ட பிறகு தாயைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் உண்டு. பஞ்சத்தில் மாடு இழந்தவன் மீண்டும் எழுந்து நிற்பதற்கு அதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரியாது. கிருமியும் அதே வழியில் வீடு வீடாகப் போகிறது. அதைப் போய் அறியாமை என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நம் வலசைக் கிடைகள் சேர்ந்து நடப்பதும் திருட்டுக்கும் சிறுத்தைக்கும் பயந்துதானே.

மேய்ச்சல் நிலம் சுருங்குவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காடுகளில் மாடு மேய்ப்பதற்கு 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. காட்டின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்த வழக்காடல் இங்கே வேண்டாம். மந்தை குறையாமல் நிலம் மட்டும் குறைந்தால், மிச்சமிருக்கும் கண்மாய்க் கரையில் முன்பு சந்திக்காத கிடைகள் சந்திக்கும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

'இத்தனை வருஷமாக மேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா' என்று மாமா கேட்பார். கேட்க வேண்டியதுதான். அதற்கும் பதில் இருக்கிறது. நோய் ஒரு கிடைக்குள் முதன்முதலாக நுழையும் வருஷம் பயங்கரமாக இருக்கும். ஒரே பருவத்தில் பத்து, இருபது மாடு அடுத்தடுத்து வீசும். யார் கண்ணுக்கும் தப்பாது. ஆனால் தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை ஒரு முறைதான் வீசும். அடுத்த சினையில் மாதம் நிறைந்து கன்று போடும். இரண்டு மூன்று வருஷத்தில் வீச்சு அடங்கிவிடும். நோய் போய்விட்டது என்று எல்லோரும் நிம்மதி ஆவார்கள். போகவில்லை. வயதான மாடுகள் அதைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு ஈற்றிலும் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, பாலிலும் விட்டுக்கொண்டு சாகும்வரை நிற்கும். வீசுவது புதிதாகச் சினையாகும் கிடேரிகள் மட்டும். 'தலைச்சன் கிடேரி ரெண்டொண்ணு வீசத்தான் செய்யும், அது சகஜம்' என்று ஒரு கிடைக்காரர் சொன்னால் என் காது நிமிர்ந்துவிடும். அது சகஜமில்லை. கூடவே கொடி விழாமல் தங்குவது, சினை பிடிக்கத் தாமதம், காளைக்கு விதை வீக்கம், முன்னங்கால் முட்டியில் நீர்கோத்த வீக்கம் என்று ஒன்றிரண்டு இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அந்த முட்டி வீக்கம் ஆப்பிரிக்க மேய்ச்சல் மாடுகளில் நன்றாகத் தெரிந்த அடையாளம். அடிபட்டதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் கிடேரிகளில் நூற்றுக்குச் சில, ரத்தச் சோதனையில் ஒன்றும் காட்டாமலேயே வளர்ந்து, முதல் ஈற்றின்போதுதான் தன் உண்மையான முகத்தைக் காட்டும். கிடைக்குள்ளேயே வம்சம் ஓடுகிறது என்று சற்று முன் பாராட்டினேன் அல்லவா, ஒருமுறை புகுந்துவிட்டால் அதே பழக்கம் நோயையும் வம்சமாக ஓட்டும்.

மேய்ச்சல் மந்தையிலிருந்து இதை அடியோடு ஒழிக்க முடியுமா என்றால், முடியும். ஆஸ்திரேலியா செய்தது. 1970-ல் தொடங்கிய திட்டத்தில், 1989-ல் மாட்டு புருசெல்லோசிஸ் இல்லாத நாடாக அறிவித்துக்கொண்டது. அதன் வடபகுதியில் ஒரு பண்ணை என்றால் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர், வேலி இல்லாத இடங்களும் உண்டு, மனிதனையே பார்க்காத மாடுகளும் உண்டு. ஹெலிகாப்டர் வைத்துத் திரட்டினார்கள், சோதித்தார்கள், நோய் காட்டியதை வெட்டுக்கு அனுப்பினார்கள். திரட்ட முடியாத மாடுகளையும் காட்டு எருமைகளையும் சுட்டுத் தள்ளினார்கள். பணம், ஹெலிகாப்டர், துப்பாக்கி, வெட்டுக்கூடம் எல்லாம் கையில் இருந்த நாட்டுக்கே இருபது வருஷம் பிடித்தது. நம் ஊரில் சோதித்து நோய் காட்டிய பசுவை என்ன செய்வது? பெரும்பாலான மாநிலங்களில் வெட்ட முடியாது. வெட்ட முடிகிற இடத்திலும் நஷ்டஈடு இல்லாமல் எந்தக் கிடைக்காரர் கொடுப்பார்? சந்தைக்குத்தான் ஓட்டுவார். சோதனை மட்டும் செய்துவிட்டு மாட்டை என்ன செய்வது என்று சொல்லாமல் போவது, நோயை ஊர் ஊராக அனுப்பிவைப்பதற்குச் சமம்.

அதனால்தான் தடுப்பூசி. மாமா திருப்பி அனுப்பியவர்கள் வைத்திருந்தது அனேகமாக எஸ்19. அதன் பிறப்புக் கதை வேடிக்கையானது. 1923-ல் ஜான் பக் என்ற அமெரிக்கக் கால்நடை விஞ்ஞானி ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து எடுத்த கிருமியை வளர்த்தார், அது அறையின் சாதாரண வெப்பத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்துபோனது. எடுத்துப் பார்த்தால் அதன் வீரியம் போயிருந்தது, மாட்டுக்கு எதிர்ப்பு சக்தி கொடுக்கும் குணம் மட்டும் போகவில்லை. நூறு வருஷம் ஆகியும் அதுதான் உழைக்கிறது. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை இலவசமாகப் போடுகிறார்கள். காளைக் கன்றுக்குப் போடுவதில்லை, விதையைக் கெடுத்துவிடலாம். சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே வீச வைக்கலாம். வயது தாண்டிப் போட்டால் பிற்பாடு சோதனையில் நோய் மாதிரியே காட்டிக் குழப்பும். இது நூற்றுக்கு நூறு காப்பதில்லை. தொற்றைவிட வீச்சை நன்றாகத் தடுக்கும். வீச்சு இல்லையென்றால் தரையில் கொட்டும் கிருமியும் வெகுவாகக் குறையும், கிடைக்கு அதுதானே வேண்டும்.

கிடைக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். முகாம் நடக்கும் நாளில் கிடை பக்கத்து மாவட்டத்தில் இருக்கும். திரும்பி வரும்போது கன்றுக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். ஊசி போட்ட கன்றுக்குக் காதில் 12 இலக்கத் தோடு மாட்டுவார்கள், அது சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆகவே ஊசி போடுகிறவர்கள் வருவதற்காகக் காத்திருக்காமல், எந்த மாதத்தில் எந்த ஊரில் அமர்வீர்கள் என்று முன்கூட்டியே அந்தந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லி வையுங்கள். தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது வீட்டுக்கு வந்த லட்சுமியை அனுப்புவது மாதிரி. மருந்து உயிருள்ள கிருமி என்பதால் போடுபவர் கையில் குத்திக்கொண்டாலோ கண்ணில் தெறித்தாலோ அவருக்கே நோய் வரும். மருந்தை வாங்கி நாமே போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம்.

மாமாவின் உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். நம் வீடுகளில் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதில்லை, பெரிய ஆபத்து அதிலேயே விலகிவிடுகிறது. மேய்க்கிற இடத்தில் காம்பிலிருந்து நேராக வாயில் பீய்ச்சிக் குடிக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கிடைக்காரருக்குப் பெரிய ஆபத்து பாலைவிடக் கையில்தான். தங்கிய கொடியை வெறுங்கையால் இழுப்பது, வீசிய கன்றைக் கையால் அள்ளிப் போடுவது. விரலில் ஒரு சிராய்ப்புப் போதும். வந்தால் விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, இடுப்பிலும் மூட்டிலும் வலி, ஆணுக்கு விதை வீக்கம். டைபாய்டு என்றும் காசம் என்றும் மாதக்கணக்கில் வைத்தியம் ஓடும். டாக்டரிடம் 'நான் மாடு மேய்க்கிறவன், கன்று வீசியதைக் கையால் எடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் ரத்தச் சோதனையில் பிடித்துவிடலாம். மருந்து இருக்கிறது, ஆனால் ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். பத்து நாளில் சுகமாகிவிட்டது என்று நிறுத்துகிறவர்களுக்குத் திரும்ப வரும்.

கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் உங்கள் பக்கமும் இருக்கும். நாயும் மற்ற மாடுகளும் தொடாமல் வைக்கிற ஒரே காரணத்துக்காக அந்த வழக்கத்தில் புத்தி இருக்கிறது. மரத்தில் பால் இருப்பதால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பதை நான் வாதாட வரவில்லை. மாதம் நிறைந்து சுகமாகப் பிறந்த கன்றின் கொடிக்கு அது போகட்டும். வீசிய கன்றையும் அதன் கொடியையும் மரத்தில் கட்ட வேண்டாம். நிழலில், வைக்கோல் ஈரத்தில், கிருமி வாழ்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, அங்கேயே ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மேலே முள்ளை வெட்டிப் போடச் சொல்லுங்கள். விழுந்த இடத்து மண்ணிலும் சுண்ணாம்பு தூவட்டும். வீசிய மாட்டை இரண்டு மூன்று வாரமாவது கிடையை விட்டுத் தள்ளிக் கட்டட்டும், முக்கியமாக ராத்திரியில். கிடையையும் அடுத்த நாளே வேறு வயலுக்கு மாற்றிவிடலாம், அது கிடைக்காரருக்கு மட்டுமே உள்ள வசதி.

வீசிய மாட்டின் ரத்தத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். ரோஸ் பெங்கால் என்ற சோதனை, சில நிமிஷத்தில் முடிவு தெரியும். ஒன்று மட்டும் கவனம்: வீசிய அன்றே எடுத்த ரத்தத்தில் சில சமயம் ஒன்றும் காட்டாது. இல்லை என்று வந்தாலும் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்ட வேண்டாம் என்று மாமாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் கேட்க மாட்டார்.